டிரம் தேய்க்கும் வியாழனில் விடைபெறும் செவிலியர் சவரியம்மாள் அவர்களுக்கு

உப்பு விளையும் மண்ணில் உயிர் பிறக்கக் கைகொடுத்த உத்தமியே! ஊசி போடும் முன் ஊர்க்கதை பேசி, வலி உறைப்பதற்குள் வேலையை முடிக்கும் வித்தகியே! வெயிலில் வெந்தும் மழையில் நனைந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நடந்து நடந்து, மரக்காணத்துச் செருப்புத் தைப்பவரை வாழவைத்த சீமாட்டியே! முப்பத்து நான்கு ஆண்டுக் காலம் மக்கள் நலப்பணியில் மாசு மறுவின்றி நின்று, பகுதி சுகாதாரச் செவிலியராய் இன்று பணி நிறைவு பெறும் எங்கள் மூத்த சகோதரியே! ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்று சொல்கிறோம், வணக்கம்!

இம்மடலின் முதல் வரியில் தங்களைக் 'கருணைக் கடலே' என்று விளித்திருந்தோம். எழுதிய மை காயும் முன்பே அடித்துவிட்டோம். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்குப் பிறகு இந்தக் கரையில் நிற்கும் யாருக்கும், தான் மதிக்கும் ஒருவரைக் கடல் என்று புகழ மனம் வருவதில்லை. ஆகவே அந்தப் பட்டம் வேறு ஊர்க்காரர்களுக்கு இருக்கட்டும்.

பாராட்டு மடல் வாசிக்கப்போகிறோம் என்று சொன்னபோது தாங்கள் இட்ட நிபந்தனை இங்கே எல்லோருக்கும் தெரியும். "படிக்கிறதுன்னா படிங்க. பொய் மட்டும் எழுதாதீங்க. அப்புறம் தாங்கள், கீங்கள்னு எழுதினீங்கன்னா, வேற யாரையோ சொல்றாங்கன்னு நெனச்சி நான் எழுந்து டீ போடப் போயிடுவேன்" என்றீர்கள். போய்விடுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். எனவே 'தாங்கள்' இத்துடன் விடைபெறுகிறது, இனி 'நீங்கள்'தான். எழுதும் பொறுப்பு மருந்தாளுநர் புருஷோத்தமன் தலையில் விழுந்தது. அவருக்கு மாத்திரையை எண்ணித் தரத் தெரியும், வார்த்தையை எண்ணித் தரத் தெரியாது. நீண்டுவிட்டால் பொறுத்தருளுங்கள்.

அம்மையே! சாலை வருவதற்கு முன் வந்தவர் நீங்கள். பஸ் நிற்காத ஊர்களுக்கு மாட்டு வண்டியிலும், வண்டி போகாத ஊர்களுக்கு மணலில் கால் புதையவும் போய்ப் பிரசவம் பார்த்தீர்கள். நீங்கள் தொப்புள்கொடி அறுத்த பிள்ளைகள் இன்று உப்பளத்தில் வாருபலகை பிடிக்கிறார்கள், கூனிமேட்டில் கடை வைத்திருக்கிறார்கள், ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டுகிறார்கள். தெருவில் மீசை முறுக்கி நிற்கும் ஆளைப் பார்த்து, "ஏம்பா, பொறந்தப்ப அழவே மாட்டேன்னு அடம் புடிச்சவன்தானே நீ, இப்ப இன்னா இவ்ளோ சத்தம்?" என்று கேட்கும் உரிமை இந்த வட்டாரத்தில் உங்கள் ஒருவருக்கே உண்டு. அந்த ஆள் மீசையை இறக்கிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அரும்பணிகளை அடுக்கிக்கொண்டே போனால் நீங்கள் டீ போடக் கிளம்பிவிடுவீர்கள். ஆகையால் ஒன்றை மட்டும் சொல்கிறோம். இந்த ஆண்டு நீங்கள் செய்ததைச் சொல்கிறோம். அதைச் சொல்லாமல் உங்களை வழியனுப்பினால் எங்களுக்குச் சோறு இறங்காது.

ஆழிப்பேரலை அடித்துச் சென்ற பிறகு நிவாரணமாக வந்த பொருள்களில் நீல பிளாஸ்டிக் டிரம்மும் ஒன்று. வீட்டுக்கு ஒன்று வந்தது. தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும் ஊரில் நல்ல தண்ணீர் குழாயில் வருவதே பெரும்பாடு. வரும்போது பிடித்து வைக்க ஒரு பெரிய பாத்திரம் கிடைத்தது பெரும் பாக்கியம். நிவாரண முகாமில் வாந்திபேதி பரவாமல் காக்க, நீங்களே அந்த டிரம்களை வரிசையாக நிறுத்தி, குளோரின் கலந்து, "தண்ணியைப் புடிச்சி வை, மொண்டு குடி" என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். அந்த முகாமில் வாந்திபேதி வரவில்லை. மக்கள் உங்கள் சொல்லை மறக்கவும் இல்லை.

இந்த ஆண்டு கோடையின் கடைசியில் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் பேசிய அதே சிக்குன்குனியாதான். வேறு ஊர்களில் அது காய்ச்சல். உப்பளத்தில் அது இடி. குதிகாலும் முழங்காலும் மணிக்கட்டும் வீங்கி, எழுந்து நிற்க முடியாமல் ஆளை மடக்கிப் போடும் நோய் அது. பாத்தியில் நின்றபடியே செய்கிற தொழில், நிற்கவே விடாத நோய்! மழைக்கு முன் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டிய மாதங்களில் உப்புக்காரத் தெருவே பாயில் கிடந்தது. உப்பு வாரும் கொளஞ்சி, தன் கணவர் சுப்ராயனைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்துச் சோறு ஊட்டிய காட்சியை நாங்கள் பார்த்தோம். கோழி தின்றதால் வந்தது என்றார்கள், காற்றில் வந்தது என்றார்கள், ஒரே ஊசியில் நடக்கவைப்பதாகச் சொன்னவரிடம் ஓடினார்கள். நீங்களோ வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கக் கற்றுத் தந்தீர்கள். "இது முடக்கம் இல்ல, வலி. போயிடும். நான் சொல்றேன், போயிடும்" என்று ஒவ்வொரு பாயின் பக்கத்திலும் உட்கார்ந்து சொன்னீர்கள். பயத்தில் பாதி அங்கேயே இறங்கியது.

காய்ச்சலைக் கொண்டுவருவது பகலில் கடிக்கும் கொசு. அந்தக் கொசு வளருவது நல்ல தண்ணீரில். நல்ல தண்ணீர் இருப்பது நீல டிரம்மில். டார்ச் அடித்து உள்ளே பார்த்த அன்று நெளிந்துகொண்டிருந்த கொசுப் புழுக்களைக் கண்டீர்கள். அந்த டிரம்களை வரிசையில் நிறுத்திக் கொடுத்தது உங்கள் கை அல்லவா? பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, நாமதான் குடுத்தோம், நாமதான் தேய்க்க வைக்கணும்" என்றீர்கள்.

மேலிடத்து உத்தரவும் அதற்குள் வந்திருந்தது. வாரம் ஒரு நாள் 'உலர் நாள்'. வீட்டுக்கு வீடு தண்ணீரைக் கொட்டி, பாத்திரங்களைக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். அந்த நாள் வெள்ளிக்கிழமை. உத்தரவைப் படித்த எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. வார இறுதிக்குள் அறிக்கை அனுப்ப வசதியான கிழமை என்று மகிழ்ந்தோம். நாங்கள் எல்லோரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தாம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் குடத்தைக் காலியாக வைத்தால் எங்கள் அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

அந்த முதல் வெள்ளிக்கிழமை உப்புக்காரத் தெருவில் நமக்குக் கிடைத்த வரவேற்பை எப்படி மறப்பது? வாசலை மறித்துக்கொண்டு நின்றார் கொளஞ்சி. "இன்னா நர்சம்மா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா நெறஞ்ச டிரம்மைக் கவுக்கச் சொல்றியே, இது அடுக்குமா? மனுசன் ஏற்கெனவே பாயில கெடக்கிறான். ஊட்டைத் தொடச்சி வுட்டுட்டுப் போவலாம்னு வந்தியா?" என்றார். பக்கத்து வீட்டு மாரியம்மாள் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீதானே புடிச்சி வைன்னு சொன்ன? இன்னிக்கு நீயே கொட்டுன்னு சொல்ற. அடுத்த தண்ணி எப்ப வருமோ, உன் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு!" கூனிமேட்டில் கதவே திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஜைத்தூன்பீ மட்டும், "ஜும்மா நேரம்மா. ஆம்பளைங்க எல்லாம் பள்ளிக்குப் போயிருக்காங்க. மருந்தடிக்கிற ஆளுங்களை எப்பிடி உள்ள வுடறது? தப்பா நெனச்சிக்காதீங்க" என்று பதமாகச் சொன்னார். அன்று ஊர் முழுக்க ஒரு டிரம்கூடக் கவிழவில்லை.

திரும்பும் வழியில் சுகாதார ஆய்வாளர் அர்ச்சுனன் கொதித்தார். போலீசை வைத்துக் கவிழ்க்க வேண்டும் என்றார். அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்த நீங்கள், "வண்டியைத் திருப்பு" என்றீர்கள். மீண்டும் உப்புக்காரத் தெரு. கொளஞ்சி வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, "கவுக்க வேணாம், வுடு. நீ எப்பத்தான் இதைத் தேய்ப்ப?" என்று கேட்டீர்கள். "எப்பவும் தேய்க்கிற நாள்லதான் தேய்ப்பேன்" என்று சிடுசிடுத்தார் கொளஞ்சி. "வெளக்கு, குடம், அண்டா எல்லாம் வியாழக்கெழமை தேய்ச்சிடுவோம். வெள்ளிக்கெழமை எல்லாம் நெறஞ்சி இருக்கணும் இல்ல?" அவ்வளவுதான்! அந்த வாக்கியம் முடிவதற்குள் உங்கள் முகம் மலர்ந்ததை அர்ச்சுனன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். "அந்த வியாழக்கெழமையிலேயே டிரம்மையும் சேத்துக்கடி, போதும்" என்றீர்கள்.

அன்று பிறந்தது நமது திட்டம். ஒரு சொட்டு நல்ல தண்ணீரும் தரையில் கொட்ட வேண்டியதில்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஏற்றிவிட்டு, டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டு அழுந்தத் தேய்க்க வேண்டும். கொசு முட்டை ஒட்டியிருப்பது அந்தச் சுவரில்தான். பிறகு தண்ணீரை ஊற்றி, பழைய நைலக்ஸ் புடவையால் வாயை மூடி, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிவிட வேண்டும். உப்புக்குப் பஞ்சமில்லாத ஊர், பழம்புடவைக்குப் பஞ்சமில்லாத வீடு, டியூபுக்குப் பஞ்சமில்லாத சாலை! மகளிர் குழுவில் தெருவுக்கு இரண்டு பேரை நீங்கள் பொறுக்கி எடுத்தீர்கள். முதலில் பொறுக்கியது உங்களை அதிகமாகத் திட்டிய கொளஞ்சியையும் மாரியம்மாளையும். "திட்டுறவ வாய்தான் தெரு முழுக்கக் கேக்கும்" என்று அதற்குக் காரணமும் சொன்னீர்கள். கூனிமேட்டில் ஜைத்தூன்பீயும் அவர் நாத்தனாரும் பெண்களாகவே வீடு வீடாய்ப் போனார்கள். எந்தக் கதவும் மூடவில்லை. சர்ச் தெருவில் ஞாயிறு பூசைக்கு வீடு கழுவும் சனிக்கிழமை போதும் என்றார்கள். அங்கே சனிக்கிழமை ஆனது. ஊருக்கு ஒரு கிழமை, கிழமைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு டார்ச்!

இடையில் அந்தக் காய்ச்சல் உங்களையும் விடவில்லை. மருத்துவ விடுப்பு எழுதித் தருகிறோம் என்றோம். படுத்தது போதும் என்று நீங்களே தீர்மானித்து எழுந்து, விரல் மடங்காத கையில் டார்ச்சைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மொபெட்டில் ஏறினீர்கள். இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. "பாரு, எனக்கும்தான் வந்துது. நான் நிக்கிறேன் இல்ல?" என்று சுப்ராயன் பாயருகே நின்று காட்டினீர்கள். அவர் எழுந்து நிற்கப் பழகியது அன்றிலிருந்துதான்.

இப்போது அந்த இக்கட்டான கட்டத்துக்கு வருகிறோம். அறிக்கை எழுத வேண்டிய நேரம் வந்தது. உத்தரவு வெள்ளி என்கிறது, வேலை வியாழனிலும் சனியிலும் நடக்கிறது. பணி நிறைவுக்குச் சில மாதங்களே இருந்தன. நடவடிக்கை ஏதேனும் நிலுவையில் இருந்தால் பணி நிறைவு நாளில் விடுவிக்க மாட்டார்கள் என்பது அரசு ஊழியர் ஒவ்வொருவரின் தூக்கத்தையும் கெடுக்கும் சேதி. நாங்கள் அத்தனை பேரும் உங்களைச் சூழ்ந்துகொண்டு கெஞ்சினோம். "சிஸ்டர், போற நேரத்துல எதுக்கு வம்பு? வேலை வியாழக்கிழமை நடக்கட்டும், பேப்பர்ல வெள்ளிக்கிழமைன்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றோம்.

நீங்கள் சொன்ன பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறோம். "எனக்கப்புறம் ஒரு பொண்ணு வரும். அது பேப்பரைப் பாத்துட்டு வெள்ளிக்கெழமை அந்தத் தெருவுக்குப் போவும். கொளஞ்சிகிட்ட வாங்கிக் கட்டிக்கும். தெருவே கதவைச் சாத்திக்கும். அடுத்த காய்ச்சல் வரும்போது யாரு பதில் சொல்றது? நடந்தது வியாழக்கெழமை, வியாழக்கெழமைன்னுதான் எழுதுவேன்." எழுதினீர்கள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

மெமோ வந்தது. உத்தரவை மீறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. சவரியம்மாள் சிஸ்டருக்கு மெமோ! முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று பெயரெடுத்தவருக்கு! மருந்தகத்தில் ஒருவர் அழுதார். அவர் யார் என்று சொல்லப் புருஷோத்தமன் மறுக்கிறார். நீங்கள் மட்டும் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று வியாழன் என்பதால் நேரே உப்புக்காரத் தெருவுக்குப் போனீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மெமோ அனுப்பிய மேலதிகாரியே முன்னறிவிப்பின்றி வந்து இறங்கினார். உலர் நாளில் ஊரைப் பார்க்க வந்தவர், வீட்டுக்கு வீடு டிரம்கள் விளிம்பு வரை நிறைந்திருப்பதைக் கண்டார். அவர் முகம் சிவந்தது. "ஒன்றுகூடக் காலியாக இல்லையே, இதுதான் நீங்கள் நடத்தும் திட்டமா?" என்றார். நீங்கள் டார்ச்சை நீட்டினீர்கள். கொளஞ்சி முன்னால் வந்து டியூபைக் கழற்றிப் புடவையை விலக்கினார். அதிகாரி உள்ளே அடித்துப் பார்த்தார். அடுத்த வீடு பார்த்தார். தெருவின் கடைசி வரை பார்த்தார். அடிவரை தெளிந்த தண்ணீர், நெளிவது ஒன்றும் இல்லை.

"நேத்தே தேய்ச்சாச்சி சார்" என்றார் கொளஞ்சி. "வெள்ளிக்கெழமை எங்க ஊட்டுல நெறஞ்சிதான் இருக்கணும். எங்க நர்சம்மாவைத் திட்டணும்னா வியாழக்கெழமை வாங்க, நாங்களும் இருப்போம்." அந்த மனிதரை இங்கே பாராட்டியாக வேண்டும். சட்டென்று சிரித்துவிட்டார். அந்த டிரம்மிலிருந்தே ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவருடைய அம்மாவும் வியாழக்கிழமைதான் தேய்ப்பாராம். அதைத் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார். மெமோவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் பகுதிக்கு 'அந்தந்தத் தெருவுக்கு வழக்கமான நாள்' என்று புது உத்தரவும் வந்தது. மழைக்கு முன் உப்புக்காரத் தெரு எழுந்து நின்றது. சுப்ராயன் அந்தப் பருவத்தின் கடைசி உப்பைக் கொளஞ்சியோடு சேர்ந்து வாரினார்.

நெஞ்சுரம் மிக்கவரே! நேர்மைக்கு நேரம் பார்க்காதவரே! தடுப்பூசியும் மாத்திரையும் எந்தச் செவிலியரும் தரலாம். எந்தத் தெருவில் எந்தக் கிழமை குடம் கழுவுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் கிழமைக்குள் மருத்துவத்தைப் புகுத்தியதற்காக உங்களை வணங்குகிறோம். கேட்டதை உள்ளபடி எழுதி, அதற்காக இந்த நாளையே பணயம் வைத்ததற்காக அதைவிட அதிகம் வணங்குகிறோம். எங்களில் ஒருவருக்கும் அந்தத் துணிவு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம், நீங்கள்தான் பொய் எழுதக் கூடாது என்றீர்களே!

இன்று நவம்பர் முப்பது, வியாழக்கிழமை. இவ்விழாவைக் காலையில் வைப்பதாகத்தான் அழைப்பிதழ் அடித்தோம். அதைக் கொடுக்கப் போனபோது கொளஞ்சி திருப்பிக் கொடுத்துவிட்டார். "காத்தால தண்ணி வுடுவாங்க. வியாழக்கெழமை வேற. டிரம் தேய்க்காம வந்தா இந்த அம்மாவே எங்களை வாசல்ல நிக்க வச்சித் திட்டும். சாயந்திரமா வச்சிக்கிங்க" என்றார். அழைப்பிதழில் பேனாவால் திருத்தினோம். விருந்தினர் சிலர் ஏன் இந்த மாற்றம் என்று கேட்டார்கள். உங்கள் உத்தரவுதான் காரணம், வேறு என்ன சொல்வது? நீங்களும் இன்று காலை புதுப்புடவை கட்டிக்கொண்டு டார்ச்சோடு உப்புக்காரத் தெருவில் நின்றீர்கள் என்று அர்ச்சுனன் வந்து சொன்னார். தேய்த்து முடித்த கையோடு வந்த பெண்கள்தாம் இதோ பின் வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் அவர்கள் கையைவிடப் பெரிய பொன்னாடை நாங்கள் போர்த்த முடியாது.

உங்கள் இடத்துக்கு வரும் கலைமதி சிஸ்டர்தான் இம்மடலை இப்போது வாசிக்கிறார். அவர் வெள்ளிக்கிழமை போய்த் திட்டு வாங்கமாட்டார். நீங்கள் எழுதி வைத்தது அவர் கையில் இருக்கிறது. அடுத்த மழைக்குப் பின் எந்தக் காய்ச்சல் வருமோ, எந்தப் பெயரில் வருமோ, தெரியாது. வரட்டும். தெருத்தெருவாய்ப் போவோம், முதலில் கேட்போம், பிறகு சொல்வோம். இது எங்கள் உறுதி!

உங்கள் முழங்காலின் வீக்கம் முற்றிலும் வடியட்டும்! விரல்கள் மடங்கி, பேரப்பிள்ளைகளின் காதைத் திருகும் வலிமை திரும்பட்டும்! இத்தனை ஆண்டும் ஆறிப்போய்க் குடித்த டீயை இனியாவது சூடாகக் குடியுங்கள்! பல்லாண்டு நோயின்றி, நொடியின்றி, எங்களை அதட்டும் குரல் குன்றாமல் நீங்கள் வாழ வேண்டும்!

கடைசியாக ஒரு சேதி. நீங்கள் குடியிருக்கும் கீழ்புத்துப்பட்டின் மகளிர் குழுவினர் நேற்று கூடித் தங்கள் சுற்றில் ஒரு வீட்டைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அது உங்கள் வீடு. முப்பத்து நான்கு ஆண்டுகளாக ஊர்க் கதவையெல்லாம் நீங்கள் தட்டினீர்கள். அடுத்த வியாழன் உங்கள் கதவைத் தட்டுவார்கள். ஓய்வு பெற்றுவிட்டேன், உடம்பு முடியவில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்லாமல் திறந்துவிடுங்கள், சிஸ்டர். டிரம்மைக் காட்டுங்கள்.

என்றும் உங்கள் அன்பில் நனைந்து,
உங்கள் அதட்டலுக்கு அஞ்சி நிற்கும்
ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள்
மற்றும் உப்புக்காரத் தெரு, கூனிமேடு, சர்ச் தெரு டிரம் குழுவினர்

மரக்காணம் வட்டாரம்
30.11.2006, வியாழன் மாலை